பணம் கட்டுமுன் வார்டைப் பாருங்கள்



பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நமக்கு வரும் தபாலில் கதை, கவிதைகளைவிடக் கேள்விகள் கூடிவிடும். "மகளுக்கு ஆஸ்பத்திரி வேலை என்றால் உயிர். டாக்டருக்குப் படிக்க வைக்க எங்களால் ஆகாது. வேறு என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டு இந்த ஆண்டும் பலர் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அம்மாக்கள். சில கடிதங்கள் அந்தப் பிள்ளைகளே பள்ளி நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதியவை.

அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. காவிரிக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தில் ஓராண்டு 'நர்சிங் டிப்ளமோ' படித்திருக்கிறாள். காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சீருடை, குரூப் போட்டோ, தங்க நிற முத்திரை ஒட்டிய சான்றிதழ் எல்லாம் கிடைத்திருக்கிறது. அரசு வேலைக்கு விண்ணப்பம் போடும்போதுதான் 'கவுன்சில் பதிவு எண்' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மையத்தில் படித்த யாருக்கும் அந்த எண் கிடையாது. ஒரு வருடம் முழுக்க அந்தப் பெண் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை. பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகியிருக்கிறாள். மகளை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று கடிதத்தின் கடைசியில் அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆசையாகப் படிக்கப் போனவளிடம் விவரம் தெரிந்த யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த நாலு வார்த்தையை இந்த மாதம் இந்தப் பக்கத்தில் சொல்லிவிட நினைக்கிறேன்.

டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சீட்டுப் போடுபவர், எடையும் பி.பி.யும் பார்ப்பவர், ரத்தம் எடுப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுபவர், மாவுக்கட்டுப் போடுபவர், ஈ.சி.ஜி. எடுப்பவர், டயாலிசிஸ் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை அடுக்கி வைப்பவர். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு எல்லாரும் 'சிஸ்டர்'. ஆணாக இருந்தால் 'கம்பவுண்டர்'. உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் தனிப் படிப்பு, தனித் தகுதி, தனிச் சம்பளம் உண்டு. எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்று நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த மாடி மையங்களின் முதலீடு.

முதலில் செவிலியம். நர்ஸ் என்று பதிவு பெற, பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு இருக்கும் வழிகள் மூன்று. துணைச் செவிலியர் - தாதியருக்கான இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., பொதுச் செவிலியம் - தாதியத்தில் மூன்று ஆண்டு ஜி.என்.எம். பட்டயம், நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். படிப்பை முடித்ததும், நர்சிங் கவுன்சில் என்று எல்லாரும் சொல்லும் தமிழ்நாடு செவிலியர்கள், தாதியர்கள் குழுமத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் குழுமம் அது. நூறாண்டை எட்டிய அந்தப் பதிவேட்டில் ஏற முடியாத எந்த 'நர்சிங் டிப்ளமோ'வும் உங்கள் பிள்ளையை நர்ஸ் ஆக்காது. ஆறு மாதத்தில் நர்ஸ், ஒரு வருடத்தில் நர்ஸ் என்று போஸ்டரில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி.

காவிரிக்கரை அம்மாவுக்கும் இங்கேயே ஒரு பதில். போன வருடம் போனதுதான். ஆனால் உங்கள் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எங்கும் போய்விடவில்லை. ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டிலும் 17 வயது முதல் 35 வயது வரை சேரலாம். அவளுக்கு நிறையக் காலம் இருக்கிறது.

அடுத்து, செவிலியம் அல்லாத துணை மருத்துவப் படிப்புகள். இவற்றுக்கென்று நாடு தழுவிய ஒரு சட்டம் வெகுகாலம் இல்லாமலே இருந்தது. 2021-இல்தான் அலைடு அண்டு ஹெல்த்கேர் புரொபஷன்ஸ் சட்டம் என்ற ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆய்வகம், கதிரியக்கம், மயக்கவியல், டயாலிசிஸ், கண் பரிசோதனை, பிசியோதெரபி என்று பத்துப் பெரும் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அது பட்டியலிடுகிறது. அந்தச் சட்டத்தில் பெற்றோர் மனப்பாடமே செய்துகொள்ள வேண்டிய இரண்டு எண்கள் இருக்கின்றன. பட்டயப் படிப்பு என்றால் குறைந்தது 2,000 மணி நேரம். அதையும் இரண்டு ஆண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் பரப்பி நடத்த வேண்டும். பட்டப் படிப்பு என்றால் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று ஆண்டு முதல் ஆறு ஆண்டுக்குள். இனி எந்த நிறுவனத்துக்குப் போனாலும், "மொத்தம் எத்தனை மணி நேரம்? அதில் மருத்துவமனையில் எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் பாடத்திட்டத்தை எடுத்து முன்னால் வைப்பார். மற்றவர் காபி சொல்வார், பேச்சை மாற்றுவார்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு நம் மாநிலத்தில் நல்ல வாய்ப்புகள் உண்டு. கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் துணை மருத்துவத்தில் பல பி.எஸ்சி. படிப்புகள் நடக்கின்றன. அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு வைத்து நிரப்புகிறது. டயாலிசிஸ் டெக்னாலஜி, ஆபரேஷன் தியேட்டர் அண்டு அனஸ்தீசியா டெக்னாலஜி, ரேடியோகிராபி, விபத்து - அவசர சிகிச்சை டெக்னாலஜி, பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று அந்தப் பட்டியல் நீளம். பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன் ஆரம்பித்து வைத்தார். நோயாளியின் நோய் விவரத்தைக் கேட்டு எழுதுவது, பரிசோதனை முடிவுகளைத் திரட்டி வைப்பது, ஆபரேஷனில் சர்ஜனுக்குத் துணை நிற்பது என்று டாக்டரின் மேற்பார்வையில், அவர் கையோடு கையாக நிற்கிற வேலை.

பட்டப் படிப்புக்கு வசதியோ மதிப்பெண்ணோ இடம் கொடுக்காதவர்களுக்கு டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகப் படிப்பு போன்ற இரண்டு ஆண்டுப் பட்டயங்கள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே ஈ.சி.ஜி., டயாலிசிஸ், தியேட்டர், மயக்கவியல், அவசர சிகிச்சை டெக்னீஷியன் போன்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும் நடக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. பக்கத்திலேயே ஆயிரம் படுக்கை கொண்ட மருத்துவமனை; பயிற்சிக்குப் பஞ்சமே கிடையாது. இவ்வளவு நல்ல படிப்புகள் பல ஊர்களில் யாருக்கும் தெரியாமல் கிடப்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. என்னைக் கேட்டால், ஓராண்டுச் சான்றிதழுக்கும் ஈராண்டுப் பட்டயத்துக்கும் நடுவில் தயங்குகிறவர்கள் எப்பாடுபட்டாவது பட்டயத்தையே எடுக்க வேண்டும். புதிய சட்டம் 2,000 மணி நேரத்தைக் குறைந்த அளவாக வைத்த பிறகு, வரும் ஆண்டுகளில் எடுபடப் போவது அதுதான்.

பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் கதவு மூடவில்லை. ஜெனரல் டூட்டி அசிஸ்டன்ட் என்ற குறுகிய காலப் பயிற்சி, ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படி, அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் நடக்கிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, நடக்க வைப்பது, வெப்பமும் நாடியும் பார்த்துக் குறிப்பது ஆகியவை அதில் வரும். இதை முடித்தவர் நர்ஸ் அல்ல, நர்ஸுக்கு உதவியாளர். சேர்க்கும்போதே அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிற நிறுவனம் நல்ல நிறுவனம்.

இன்னொரு உரைகல்லும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு மேற்படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் அந்தப் பணம். "உங்கள் படிப்பில் சேர்ந்தால் புதுமைப் பெண் உதவித்தொகை வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். வராது என்றால், ஏன் வராது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இந்த வேலையில் கைப்பழக்கம் தவறினால் அதன் பலனை நோயாளிதான் அனுபவிக்க வேண்டும். பி.பி. பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். பட்டையைச் சுற்றுகிறோம், பொத்தானை அழுத்துகிறோம், எண் வருகிறது, எழுதுகிறோம். இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். அண்மையில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், சரியாகப் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண் இதைச் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த பெரியவரை அவர் உடனே பார்க்கவில்லை. "உட்காருங்க ஐயா, அஞ்சு நிமிஷம் ஆகட்டும்" என்றார். பிறகு முதுகை நாற்காலியில் சாய்க்கச் சொன்னார். கால் மேல் போட்டிருந்த காலை இறக்கித் தரையில் ஊன்றச் சொன்னார். முழுக்கைச் சட்டையின் கையை மடித்து ஏற்றிவிட்டு, கையை மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தார். பட்டை சிறியதாக இருந்ததால் பெரிய பட்டையை எடுத்து மாற்றினார். பெரியவர் ஏதோ பேச ஆரம்பித்ததும், "பார்த்து முடிக்கிற வரை பேசாதீங்க ஐயா" என்று கையைத் தட்டிக் கொடுத்தார்.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கையைத் தொங்கவிட்டாலும், பேசிக்கொண்டிருந்தாலும், பட்டை இறுக்கமாக இருந்தாலும், சட்டைக்கு மேலேயே சுற்றினாலும் அளவு கூடுதலாகக் காட்டும். பத்துப் புள்ளி கூடினால் போதும், 135 என்பது 145 ஆகிவிடும். டாக்டரின் மேசைக்குப் போவது அந்த எண் மட்டும்தான். அதை நம்பித்தான் மாத்திரை எழுதப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை. தப்பான பட்டை ஒரு மனிதரை நோயாளியாக்கிவிடலாம்.

ரத்தம் எடுப்பது இன்னும் நுணுக்கம். கையில் கட்டிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்த வேண்டும். ட்ரிப்ஸ் ஏறும் கையில் எடுக்கக் கூடாது. ஊதா மூடிக் குழாய், சிவப்பு மூடிக் குழாய், இளநீல மூடிக் குழாய் என்று நிறம் நிறமாக இருப்பது அழகுக்காக இல்லை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பொட்டாசியம் கலந்த உப்பு பூசியிருப்பார்கள். முதலில் அதில் பிடித்துவிட்டுப் பிறகு சிவப்பு மூடிக் குழாயில் பிடித்தால், அல்லது ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டால், பரிசோதனையில் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இதயத்துக்கே ஆபத்து என்று டாக்டர் பதறிப்போவார். இளநீல மூடிக் குழாயில் கோடு வரை நிரப்பாவிட்டால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயில் பெயர் எழுதுவதை நோயாளியின் கட்டிலருகே நின்றே செய்ய வேண்டும். நாலு பேரின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்து எழுதினால், ஒருவருடைய சுகர் இன்னொருவர் தலையில் விழுந்துவிடும்.

பிள்ளையின் பாதுகாப்பும் இருக்கிறது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப் போய்த்தான் பலருக்குக் கையில் குத்திவிடுகிறது. அப்படியே, மூடாமல், துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் ட்ரிப்ஸ் குழாயும் சிவப்பில், கண்ணாடிப் புட்டி நீலத்தில். வார்டில் கால் வைக்குமுன்பே பிள்ளைக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும். மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. சேர்க்கையின்போது தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத பயிற்சி மையம் நோயாளி பக்கம் பிள்ளையை அனுப்பும் எண்ணத்திலேயே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வார்டுக்கு வெளியேயும் இந்த வேலை உண்டு. 108 ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்பக்கம் ஏறுகிறவரை மருத்துவ உதவியாளர் என்றுதான் அழைக்கிறார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை அது. அவ்வப்போது மாவட்டந்தோறும் ஆள் எடுக்கிறார்கள். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. நர்சிங் அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 19 முதல் 30 வயது வரை கேட்கிறார்கள். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்து தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றிலும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்களுக்கே இவ்வளவு பயிற்சி தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் தேவைப்படுகிறது என்பதை நள்ளிரவில் மலைப்பாதையில் வரும் ஒரு பிரசவ அழைப்பே சொல்லிவிடும். மருத்துவமனை போய்ச் சேருமுன் வண்டியை ஓரங்கட்டிக் குழந்தையைப் பிறக்க வைப்பது இந்த உதவியாளர்களுக்குப் புதிதல்ல. அந்த இடத்தில் புத்தகத்தைப் புரட்ட முடியாது. பிறந்த குழந்தையை உடனே துடைத்து உலர்த்த வேண்டும், அம்மாவின் நெஞ்சில் போட்டுப் போர்த்த வேண்டும், அழவில்லை என்றால் முதுகைத் தேய்த்துவிட வேண்டும், தொப்புள்கொடியை இரண்டு இடத்தில் கவ்வியிட்டு நடுவில் வெட்ட வேண்டும், அம்மாவின் ரத்தப்போக்கிலும் ஒரு கண் இருக்க வேண்டும். மூச்சு நின்ற பெரியவர் என்றால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். கையே தானாகச் செய்கிற அளவுக்குப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் இதெல்லாம் நடக்கும்.

உதவியாளர்களைப் பயிற்றுவிப்பது நம் மண்ணுக்குப் பழைய காரியம். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் ஒரு சிறிய மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியபோது, படைக்கும் மருத்துவமனைகளுக்கும் வேண்டிய உதவியாளர்களைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. கல்லூரி என்ற பெயர் 1850-இல் வந்தது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் மருத்துவக் கல்லூரியைத் தொடங்குமுன்பே, 1903-இல் கம்பவுண்டர் வகுப்பையும் 1909-இல் நர்சிங் பள்ளியையும் தொடங்கிவிட்டார். தனியாளாக எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப் பயிற்றுவித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து 1847-இல் வந்த இளம் மருத்துவர். முதலில் ஆங்கிலத்தில் மாணவர்களைப் பழக்கினார். பிறகு தாமே தமிழைத் திறம்படக் கற்று, 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல் இல்லை என்று சாக்குச் சொல்லவில்லை. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்து அச்சிட்டார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் தமிழில் வந்தது. 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல். அவரிடம் படித்தவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். ஊருக்குள் போய் வைத்தியம் பார்க்கிறவன் ஊர் மொழியில் கற்றால்தான் ஊருக்கு ஆவான் என்பது அவர் கட்சி.

இன்று வார்டு உதவியாளராகவும் டெக்னீஷியனாகவும் சேர வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். புத்தகமோ ஆங்கிலத்தில். பொருள் புரியாமல் உருப்போட்டுத் தேர்வு எழுதி, நோயாளி முன்னால் நிற்கும்போது தடுமாறுகிறார்கள். 150 ஆண்டுகளுக்கு முன்னால், அச்சு எழுத்துகளைக் கையால் கோத்து ஒரு மனிதர் செய்துகாட்டியதை இன்றைய வசதியில் நம்மால் செய்ய முடியாதா? பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்வி இயக்ககமும் துணை மருத்துவப் பட்டய, சான்றிதழ்ப் படிப்புகளுக்கு நல்ல தமிழ்ப் பாடநூல்களை வெளியிட வேண்டும். மருந்தின் பெயரும் கருவியின் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்கிற விளக்கம் தமிழில் இருக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், புரியும்படி கற்றுக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்குத் தெம்பான சான்று. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சுகரும் பார்த்து, மாத்திரை கொடுத்து வருகிறார்கள். கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது.

வீட்டோடு தங்கிப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளியூரில், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்க்க ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைக்கிறோம். அந்தப் பெண் எங்கே பயிற்சி பெற்றார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்குமுன் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். தட்டையாகப் படுக்க வைத்து ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாமல் போனால் தவறு கற்றுக்கொடுக்காதவர் மேல். கற்றுக்கொண்டு வந்தவருக்கோ, அதற்கேற்ற சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் தர வேண்டியது நம் கடமை.

கிளினிக்கும் நர்சிங் ஹோமும் நடத்தும் மருத்துவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம் என்பதற்காகப் பயிற்சி இல்லாத பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி ஊசி போடச் சொல்வதும், மருந்து எடுத்துக் கொடுக்க வைப்பதும் பெரும் தவறு. மருந்து கொடுக்க பார்மசி படித்து, 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு செய்தவர் வேண்டும். அந்தப் பெண்ணும் பாவம், அவளிடம் வரும் நோயாளியும் பாவம். உங்களிடம் ஏற்கெனவே பல ஆண்டு வேலை பார்க்கிற, கெட்டிக்காரியான ஒரு பெண் இருந்தால், அவளை வெளியே அனுப்பிவிடாதீர்கள். கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அங்கீகாரம் உள்ள படிப்பில் சேர்த்துவிடுங்கள். சிலர் அப்படிச் செய்து வருகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றப் படிப்பு என்றால் எந்தப் பல்கலைக்கழகம், எந்த இயக்ககம் தேர்வு நடத்துகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பழைய அறிவிப்புகளில் அந்த வேலைக்கு என்ன படிப்பைக் கேட்டிருக்கிறது என்று இணையத்தில் எடுத்துப் படியுங்கள். பள்ளி ஆசிரியர் யாரிடமாவது காட்டினால் விளக்கிவிடுவார். பிறகு, பணம் கட்டுமுன் ஒரு நாள் நேரில் போய், "பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் வார்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மருத்துவமனையின் பெயரைச் சொன்னால், அந்த மருத்துவமனைக்கே போய் விசாரியுங்கள். ஒரு நாள் பஸ் செலவு ஆகும், ஆகட்டும்.

மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்க்காரர்கள் இந்த வாரமே டீன் அலுவலகத்தில் ஓராண்டு, ஈராண்டுப் படிப்புகளுக்கு விண்ணப்பம் எப்போது தருகிறார்கள் என்று கேட்டு, உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லுங்கள். ஏற்கெனவே வார்டிலும் ஆய்வகத்திலும் தியேட்டரிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்க்கும் வாசகர்கள், எங்கே படித்தீர்கள், எவ்வளவு செலவானது, முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்